நூற்றுக்கு 18, ஆனால் எதன் மேல்?

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் அணியினர் ஆகியோருக்காக 2025 இல் நடந்த ஞாயிறு கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரை)



மழையையும் பாராமல் மேல் டிவிசனிலிருந்து நடந்து வந்திருக்கிறீர்கள். துணி துவைக்கவும் விறகு பொறுக்கவும் டவுனுக்குப் போகவும் நமக்கு இருப்பது இந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். ஆகவே சுற்றி வளைக்காமல் விடயத்துக்கு வருகிறோம்.

சென்ற வகுப்பில் சம்பளச் சிட்டையை வரி வரியாகப் பார்த்தோம். இன்று கடைச் சிட்டை. "சம்பளத்துக்குப் போராடுற சங்கம் கடை பில்லைப் பற்றி ஏன் பேசணும்?" என்று ஒரு தலைவர் கேட்டார். நியாயமான கேள்வி. 2024 செப்டெம்பர் வர்த்தமானியில் நமது அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. அதை வாங்க எத்தனை வருடம், எத்தனை கூட்டம், எத்தனை நாள் கொழுந்துக்குப் போகாமல் இருந்தோம் என்பது உங்களுக்குத் தெரியும். அப்படி வாங்கிய காசு கடை மேசையில் கணக்குத் தெரியாததால் போவதை என்னவென்று சொல்வது?

ஒரு சம்பவத்தைச் சொல்கிறோம். நமது உறுப்பினர் ஒருவர், உயர்தரம் படிக்கும் மகளுக்காக, தீபாவளி முற்பணத்தோடு சீட்டுக் காசையும் சேர்த்துக்கொண்டு டவுனில் ஒரு கடையில் கைப்பேசி வாங்கினார். கையால் எழுதிய பில். கைப்பேசி 42,000 ரூபா. அதன் கீழே "வற் 18%" என்று எழுதி 7,560 ரூபா. மொத்தம் 49,560. "இது என்ன தம்பி?" என்று கேட்டிருக்கிறார். "அது கவர்மெண்டுக்குப் போற காசு அக்கா, நாங்க என்ன செய்ய?" என்று பதில் வந்திருக்கிறது. அக்கா காசைக் கட்டிவிட்டு வந்துவிட்டார். பிறகு எங்களிடம் வந்ததுகூட முறைப்பாடு சொல்ல அல்ல. "இந்தக் காசை அரசாங்கத்துக்கிட்ட திரும்பக் கேட்க ஏதாவது வழி இருக்கா?" என்று கேட்கத்தான் வந்தார்.

7,560 ரூபா என்றால், ஐந்து நாள் பேர் போட்டாலும் தீராத தொகை. அந்தக் காசு அரசாங்கத்துக்குப் போகவேயில்லை. அதை எப்படிக் கண்டுபிடித்தோம் என்று சொல்வதற்கு முன், இந்த வரி எப்படி ஓடுகிறது என்பதைப் பார்ப்போம்.

இதன் முழுப்பெயர் பெறுமதி சேர் வரி. 2002 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அந்த ஆண்டு ஆகஸ்ட் 1 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் 1998 இலிருந்து ஜீ.எஸ்.டி. என்று ஒன்று இருந்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வற் வீதம் பலமுறை ஏறி இறங்கியிருக்கிறது. 2019 டிசம்பரில் 15 இலிருந்து 8 ஆகக் குறைத்தார்கள். 2022 ஜூனில் 12, அதே ஆண்டு செப்டெம்பரில் 15, 2024 ஜனவரி 1 முதல் 18. எட்டாகக் குறைந்த நாளில் லயத்துக் கடையில் சவர்க்காரத்தின் விலை குறைந்ததாக எங்களுக்கு ஞாபகமில்லை. ஏறும்போது மட்டும் மறுநாள் காலையிலேயே ஏறிவிட்டது.

பெறுமதி சேர் என்றால் என்ன? ஒரு கம்பளியை எடுத்துக்கொள்வோம். அந்தக் காலத்தில் தோட்டத்தில் கம்பளியைக் கொடுத்துவிட்டுச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்று தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். இன்று அதைக் கடையில் வாங்குகிறோம். பிடிக்கிற இடம்தான் மாறியிருக்கிறது.

தொழிற்சாலைக்காரர் கம்பளியை மொத்த வியாபாரிக்கு 2,000 ரூபாவுக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் நூற்றுக்கு 18, அதாவது 360. மொத்த வியாபாரி 2,360 கொடுக்கிறார். தொழிற்சாலைக்காரர் அந்த 360 ஐ அரசுக்குக் கட்டுகிறார். மொத்த வியாபாரி 500 ரூபா சேர்த்து விலையை 2,500 ஆக்கி, அதன் மேல் 450 ரூபா வற் போட்டு 2,950 க்குக் கடைக்காரருக்கு விற்கிறார். அவர் 450 ஐயும் அரசுக்குக் கட்டுவதில்லை. வாங்கும்போது தான் கொடுத்த 360 ஐக் கழித்துவிட்டு 90 ரூபா மட்டும் கட்டுகிறார். அவர் சேர்த்த 500 ரூபாவுக்கு நூற்றுக்கு 18 என்றால் அதே 90 தான். வரியின் பெயர் இங்கேதான் வருகிறது. ஒவ்வொரு கையும் எவ்வளவு பெறுமதி சேர்த்ததோ அதற்குத்தான் அந்தக் கை கட்டுகிறது.

வற்றுக்குப் பதிந்த கடைக்காரர் இன்னும் 500 சேர்க்கிறார். விலை 3,000. வற் 540. நாம் கொடுப்பது 3,540. அவர் 540 இல் 450 ஐக் கழித்து 90 கட்டுகிறார். இப்போது கூட்டுங்கள்: 360, 90, 90. அரசுக்குப் போனது 540. அதை மூன்று பேர் கொண்டுபோய்க் கட்டினார்கள். ஆனால் மூவரில் எவருடைய சட்டைப்பையிலிருந்தும் ஒரு சதம்கூடப் போகவில்லை. அவரவர் கொடுத்ததை அடுத்தவரிடம் வாங்கிக்கொண்டார்கள். கம்பளியைப் போர்த்திக்கொள்கிற நமக்கு அடுத்தவர் என்று யாரும் இல்லை. முழு 540 உம் நம்முடையது.

பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: "3,540 க்கு நூற்றுக்கு 18 போட்டால் 637 ரூபா 20 சதம் வருதே, 540 எப்படி?" நல்ல கேள்வி. கைப்பேசியில் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். இன்றைய வகுப்பின் கனமான பகுதி இதுதான்.

சம்பளச் சிட்டைக்குத் திரும்புவோம். ஒருவர் மாதத்தில் 25 நாள் பேர் போடுகிறார். 1,350 வீதம் 33,750 ரூபா. சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8 பிடித்தால் 2,700. மிச்சம் 31,050. இப்போது இந்த 31,050 க்கு நூற்றுக்கு 8 சேர்த்தால் பழைய 33,750 வருமா? போட்டுப் பாருங்கள். 33,534 தான் வரும். 216 ரூபா குறைகிறது. எட்டு அதே எட்டுத்தான், ஆனால் எந்தத் தொகையின் மேல் போடுகிறோம் என்பது மாறிவிட்டது.

வற்றும் அப்படியே. 18 என்பது வரி சேராத விலையின் மேல் போடுவது. 100 ரூபா சாமான் 118 ஆகிறது. ஆகவே வரி சேர்ந்த விலையில் ஒவ்வொரு 118 ரூபாவிலும் 18 ரூபா வரி. வரி சேர்ந்த விலை கையில் இருந்தால் அதை 118 ஆல் வகுத்து 18 ஆல் பெருக்க வேண்டும். 3,540 ஐ 118 ஆல் வகுத்தால் 30. அதை 18 ஆல் பெருக்கினால் 540. வரி சேராத விலை கையில் இருந்தால் நேரே நூற்றுக்கு 18. கைப்பேசி இல்லாமல் மனக்கணக்காகவும் போடலாம்: நூற்றுக்கு 20 ஐப் பார்த்து அதில் பத்தில் ஒன்றைக் கழித்துவிடுங்கள். 3,000 க்கு 600, அதில் 60 போனால் 540. உட்பட்ட விலைக்கு மனக்கணக்கு கொஞ்சம் சிரமம். ஏழில் ஒரு பங்குக்குச் சற்று மேலே என்று மதிப்புப் போட்டுக்கொண்டால் போதும்.

இதே கணக்கால் இன்னொன்றையும் பிடிக்கலாம். வீதம் 15 இலிருந்து 18 ஆனபோது, வரியோடு 115 ரூபாவுக்கு விற்ற சாமான் வற் காரணமாக மட்டும் ஏற வேண்டியது 118 க்குத்தான். அதை 130 ஆக்கிவிட்டு "வற் கூடிப்போச்சு" என்றால், ஏறிய 15 ரூபாவில் 3 ரூபாவுக்கு மட்டுமே வற் பொறுப்பு. சமையல் எரிவாயு, பெற்றோல், டீசல் ஆகியவற்றின் கதை வேறு. அவற்றுக்கு இருந்த விலக்கை 2024 ஜனவரி 1 இல் எடுத்துவிட்டார்கள். பூச்சியத்திலிருந்து ஒரே இரவில் 18.

இந்தக் கணக்கில் நாங்களே ஒருமுறை தலைகுனிந்தோம். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஒரு கடையில் அரிசி அவிக்கும் மின்சாரக் குக்கர் வாங்கிய உறுப்பினர் பில்லைக் கொண்டுவந்தார். 5,000 ரூபா, வற் 900 என்று அச்சடித்திருந்தது. "900 கூட எடுத்திட்டாங்க" என்றார். நாங்களும் மூன்று பேராகப் போய்ச் சத்தம் போட்டோம். கடைக்காரர் பொறுமையாகப் பெட்டியிலிருந்த விலைத்துண்டைக் காட்டினார். 5,900, வரி உட்பட. அவர் வாங்கியதும் 5,900 தான். கூட ஒன்றும் எடுக்கவில்லை. உள்ளே இருந்ததைப் பிரித்துக் காட்டியிருக்கிறார், அவ்வளவுதான். எங்களுக்குப் பிளேன்டீ கொடுத்து அனுப்பினார். குடித்த தேநீர் தொண்டையில் இறங்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் பழக்கம்: பில்லில் வற் என்று கண்டவுடன் கோபப்படுவதில்லை. சாமானில் போட்டிருந்த விலையையும் கடைசியில் கொடுத்த மொத்தத்தையும் முதலில் ஒப்பிட்டுப் பார்ப்போம். பெட்டியிலோ பைக்கற்றிலோ அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலை எல்லா வரியும் சேர்ந்தது. அதற்கு மேல் வற் என்று ஒரு ரூபா கேட்டாலும் பிழை.

இனி, பதியாத கடை. வற்றுக்குக் கட்டாயம் பதிய வேண்டியவர்கள், 2024 ஜனவரி முதல், வரிக்குட்பட்ட வியாபாரம் ஆண்டுக்கு 60 மில்லியன் ரூபாவைத் தாண்டுகிறவர்கள். அதாவது நாளொன்றுக்குச் சராசரியாக 164,000 ரூபாவுக்கு மேல் வியாபாரம் நடக்க வேண்டும். நமது லயத்துக் கடை அண்ணன் அந்தத் தொகையை ஒரு மாதத்தில் பார்த்தாலே பெரிய விடயம். ஆனால் சிறிய கடைக்காரரும் விரும்பினால் பதியலாம். ஆகவே கடையின் அளவைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

பதியாத கடைக்காரர் நமது கம்பளியை விற்றால் என்ன நடக்கும்? அவர் மொத்த வியாபாரிக்கு 2,950 கொடுத்திருக்கிறார். அதில் இருக்கும் 450 ரூபா வற்றைக் கழித்துக்கொள்ள அவருக்கு வழியில்லை. அது அவருடைய செலவு. தன் இலாபமாக 500 சேர்த்து 3,450 க்கு விற்கிறார். பில்லில் வற் என்ற சொல்லே இருக்காது. ஆனாலும் 450 ரூபா வரி உள்ளே இருக்கிறது, அதைக் கட்டுவதும் நாம்தான். இதில் அவர் மேல் குற்றமில்லை. அவர் அந்த 3,450 இன் மேல் மறுபடி "வற் 18%" என்று 621 ரூபா எழுதினால்தான் குற்றம். பதியாதவர் வற் அறவிடச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. அந்த 621 போய்ச் சேரும் திறைசேரி அவருடைய லாச்சிதான்.

இப்போது கைப்பேசி வாங்கிய அக்காவின் பில்லை மறுபடி பாருங்கள். 7,560 ரூபா வற் எழுதிய பில்லில் வற் பதிவு இலக்கம் இல்லை. பதிந்தவருக்கு ஒரு இலக்கம் உண்டு: வரி செலுத்துநர் அடையாள இலக்கத்தின் ஒன்பது எண்கள், அதன் பின் 7000. அக்காவோடு நாங்கள் கடைக்குப் போனோம். இந்த முறை சத்தம் போடவில்லை. "தம்பி, உங்கள் வற் இலக்கத்தை இந்தப் பில்லில் எழுதிக் கொடுங்கள்" என்று மட்டும் கேட்டோம். கணக்காளரிடம் இருக்கிறது என்றார்கள். சரி, பதிவுச் சான்றிதழைக் காட்டுங்கள், அதைக் கடையில் தெரியும்படி வைத்திருக்க வேண்டுமே என்றோம். முதலாளி கண்டியில் என்றார்கள். பரவாயில்லை, உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் 1944 க்கு எடுத்து இந்தக் கடை பதிந்திருக்கிறதா என்று கேட்கிறோம் என்று சொல்லிக் கைப்பேசியை எடுத்தோம். எண்ணை அழுத்தி முடிப்பதற்குள் கண்டியிலிருந்த முதலாளி பின்னறையிலிருந்து வந்துவிட்டார். "பொடியன் பிழையாப் போட்டுட்டான்" என்றார். 7,560 ரூபா அக்காவின் கைக்கு வந்தது.

பொடியன் பிழையாகப் போட்டது அந்த ஒரு பில்லில் மட்டுமா என்று நாங்கள் கேட்டோம். பதில் இல்லை. அதே கடையில் வாங்கிய வேறு யாராவது இங்கே இருந்தால் கூட்டம் முடிந்ததும் எங்களைச் சந்தியுங்கள்.

அந்த அக்கா பில்லை வாங்கி வைத்திருந்ததால்தான் இது முடிந்தது. கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை என்று 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் சொல்கிறது. குறித்த விலைக்கு மேல் விற்றால் அந்த அதிகார சபையின் 1977 க்கு அழைக்கலாம். எழுத்தில் முறைப்பாடு செய்வதென்றால் வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டும். கடிதம் எழுதச் சங்கம் உதவும். பில்லை மட்டும் அடுப்பில் போட்டுவிடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் வற் உண்டா என்று மாதர் அணியில் கேட்டிருந்தார்கள். இல்லை. அரிசி, பாண், கோதுமை மா, குழந்தைப் பால்மா, பதனிடாத மரக்கறி பழங்கள், மருந்து, மின்சாரம், பஸ் கட்டணம் ஆகியவற்றுக்கு விலக்கு. உள்நாட்டுப் பசும்பாலில் செய்த திரவப் பாலுக்கும் யோகட்டுக்கும் இந்த ஆண்டு ஏப்ரலில் விலக்குக் கிடைத்தது. இறக்குமதியாகும் பருப்பு, வெங்காயம் போன்றவற்றுக்கு விசேட வியாபாரப் பண்ட அறவீடு என்ற வேறு வரி, அது கிலோவுக்கு இவ்வளவு என்று துறைமுகத்திலேயே முடிந்துவிடும். சவர்க்காரம், பற்பசை, கொப்பி, சப்பாத்து, புத்தகப் பை, கூரைத் தகரம், கைப்பேசி ரீலோட் எல்லாம் வற்றுக்குள்.

தோட்டத்து மக்கள் வரி கட்டுவதில்லை, மற்றவர் வரியில் வாழ்கிறார்கள் என்று சொல்கிறவர்களை நீங்களும் கேட்டிருப்பீர்கள். நம்மில் சிலரேகூட அதை நம்புகிறோம். வருமான வரி இப்போது மாதம் 150,000 ரூபாவுக்கு மேல் உழைப்பவருக்குத்தான். அது நமக்கு எட்டாத உயரம். ஆனால் 2024 இல் அரசுக்குக் கிடைத்த வரிகளிலேயே மிகப் பெரியது வற். அதில் நம் காசும் இருக்கிறது. ஓர் உதாரணத்துக்குக் கணக்குப் போடுவோம். மாதம் 30,000 ரூபா எடுக்கும் ஒருவர் 11,800 ரூபாவுக்கு வற் சேர்ந்த சாமான் வாங்கினால் அதில் வரி 1,800. ஒரு முழு நாள் பேரும், இன்னொரு நாளில் மூன்றில் ஒரு பங்கும். வருமானத்தில் நூற்றுக்கு 6. மாதம் 600,000 எடுப்பவர் 118,000 க்கு வாங்கினால் வரி 18,000. பார்க்கப் பெரிய தொகை. ஆனால் அவர் வருமானத்தில் நூற்றுக்கு 3 தான். மிச்சம் பிடிக்க வழியுள்ளவருக்கு இந்த வரி இலேசு. கைக்கு வருவதெல்லாம் கடைக்கே போகிறவருக்குப் பாரம்.

நாம் பறிக்கிற கொழுந்து தேயிலையாகிக் கப்பலேறும்போது அதன் வற் வீதம் பூச்சியம். ஏற்றுமதி செய்பவர் பெட்டிக்கும் இயந்திரத்துக்கும் கொடுத்த வற்றைத் திரும்பக் கேட்கலாம். அதை நாங்கள் குறை சொல்லவில்லை. வரியையும் ஏற்றி அனுப்பினால் வெளிநாட்டில் நம் தேயிலை விலைபோகாது, வேலை நமக்குத்தான் குறையும். ஆனால் அந்தக் கொழுந்தைப் பறிக்கத் தன் காசில் படங்கும் பூட்சும் வாங்குகிற தங்கைக்கு, அதில் போன வற்றைத் திரும்பக் கேட்க ஓர் இடமில்லை. வேலைக்கு வேண்டிய சாமானைத் தோட்டமே தர வேண்டும் என்று பேசும்போது இனி இந்தக் கணக்கையும் மேசையில் வைக்கப் போகிறோம். அதற்கு உங்கள் பில்கள் வேண்டும்.

கொண்டுவரச் சொன்ன பில்களை இப்போது எடுங்கள். வற் இலக்கம் உள்ளவை இந்தப் பக்கம், வற் எழுதி இலக்கம் இல்லாதவை அந்தப் பக்கம். எழுத்து வாசிக்கச் சிரமப்படும் அம்மாமாருக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை உட்காரட்டும். தேநீர் வருவதற்குள் முதல் கட்டைப் பார்த்துவிடலாம்.